வாப்பா கீறிய கல்

யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் நின்று போனுக்கு வாங்கிய றீலோட் அட்டையைக் காசால் சுரண்டினேன். அந்தச் சத்தத்தில் வாப்பாவின் கல் நினைவுக்கு வந்தது; கை தன்பாட்டில் சுரண்டிக்கொண்டிருந்தது.

வாப்பா இரசாயன ஆசிரியர். வல்வெட்டித்துறைக் கப்பல்காரர் ஒருவர் மெக்சிக்கோவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சொனோரைற்று என்ற கல்லைப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தார். இரும்பு, தெலூரியம், ஒட்சிசன், நீர் சேர்ந்து உண்டான மஞ்சட்பச்சைப் பளிங்கு; மிக அரிது. ஒரு நூல் அதை ஒட்சைட்டுகளோடு சேர்த்தது. இன்னொன்று தெலூரைற்றுகள் என்ற தனி வகுப்பில் வைத்தது. வாப்பாவும் அலுமாரியில் அதைத் தட்டு மாற்றி மாற்றி வைப்பார். எங்களைத் தொடவே விடமாட்டார்.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் எங்கள் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேற்றிய நாளில், நகை, காசு கொண்டுபோகாமல் சோதிக்கச் சந்தியில் துவக்கோடு நின்றவன் வாப்பாவின் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தான்.

"நகைக்கல்லோ?"

"இல்லைத் தம்பி, மெல்லிய கல். நகைக்கல்லிலை கோடு விழாது. பாருங்கோ."

கற்களின் வன்மை பார்க்க வைத்திருந்த செப்புக் காசால் வாப்பா தானே அழுத்திக் கீறினார். கோடு ஆழமாக விழுந்தது.

"பெறுமதி இல்லாததை ஏன் கொண்டுபோறியள்?"

வாப்பா கல்லுக்காகக் கையை நீட்டினார். அவன் கல்லைப் பற்றைக்குள் எறிந்தான்.

"சுரண்டினது காணும் அண்ணை, நம்பர் அழியப்போகுது," என்றான் கடைக்காரன்.

அன்றிலிருந்து நாங்கள் வாழும் புத்தளத்தில் வாப்பா என் அழைப்புக்காகப் போனைக் கையில் வைத்தபடி காத்திருப்பார். நான் காலையில் போய்ப் பார்த்த எங்கள் வளவில் கிணறு மட்டும்தான் மிச்சம். அதைச் சொன்னால் கேட்பார்: "வீடு இல்லையெண்டால் ஏன் மகன் அங்கை நிக்கிறாய்?"

வாப்பாவை அழைக்காமலே அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.