சுண்ணாம்புக் குறியும் தேவிகுளத்து மேகமும்

விமானத்தின் வயிற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு தரையைப் படம் பிடிப்பதுதான் எங்கள் படைப்பிரிவின் வேலை. சுட மாட்டோம், குண்டு போட மாட்டோம், பயப்படுவதை மட்டும் ஒழுங்காகச் செய்வோம். மேலிடம் சொன்னதற்காக மனசில்லாமல் வேலைக்குக் கிளம்பும் உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

யார் காட்டில் குறி?

ஐம்பதுகளின் நடுவில், எருத்தேன்பதியிலிருந்து தெற்கே தேவிகுளம் மலைவரை படமெடுக்க உத்தரவு வந்தது. முதலில் தரையில் சில இடங்களில் சுண்ணாம்பால் பெரிய கூட்டல் குறி போட வேண்டும். படத்தில் அது தெரிந்தால்தான் எந்த இடம் எங்கே என்று வரைபடத்தில் பொருத்த முடியும். எருத்தேன்பதி இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர்தான் என் ஊர் என்பதால் என்னை அனுப்பினார்கள். பழனிச்சாமி என்பவரின் கடலை பிடுங்கிய காட்டில் குறி போட்டேன். எதற்கென்று சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.

பறந்து வந்து படத்தைக் கழுவினால், குறி பக்கத்துக் காட்டில் இருந்தது. ஜீப்பில் ஓடினேன். பழனிச்சாமி எதையும் மறைக்கவில்லை. குறி இருக்கும் இடத்தில்தான் குண்டு விழும் என்று ஊரே பேசியதாம். இவர் அதைச் சுரண்டிவிட்டு, வரப்புத் தகராறில் இருந்த பங்காளியின் காட்டில் அளவு பிசகாமல் போட்டுவிட்டார். குண்டே கிடையாது என்று நான் சத்தியம் செய்தும் அவர் அசையவில்லை.

"உங்களுக்கென்னங்க, சுத்திப் பாத்துட்டுப் போயிருவீங்க. ஊடு வாசல் எங்களுக்கு இங்கதானுங்க இருக்குது."

டெல்லிக்குத் தெரிந்தது

ஒரு குறி தவறினால் அந்த வரிசை முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் மலையில் மழைமேகம் இறங்கிவிட்டது. எனக்கோ புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. ஆபீஸ் வேலை என்றுதான் மனைவியிடம் சொல்லிவைத்திருந்தேன். வானம் தெளியட்டுமே என்று அதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"டெல்லிக்கு மேகம் தெரியாது, தேதி தெரியும்."

தெரியக்கூடாத முகம்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்களை உலுக்கி எடுத்தது. அதுவே தேவலை. மலைக்கு மேல் போனதும் எங்கும் வெள்ளை, கேமராவில் ஒன்றுமே இல்லை. வழக்கமான உயரத்தில் வீடே கடுகளவுதான் தெரியும். திடீரென வெள்ளை கிழிந்தது. தேயிலைச் செடிகள் தனித்தனியாகத் தெரிந்தன. நடுவில் கூடையோடு ஒரு பெண், அவள் முகம், திறந்த வாய். செத்தோம் என்றே நினைத்தேன். "அம்மா" என்று நான் அலறியது விமானிக்குக் கேட்டிருக்க வேண்டும். இஞ்சின் உறும, வண்டியை மேலே இழுத்தார்.

இறங்கிய பிறகும் கைப்பிடியிலிருந்து என் விரல் பிரியவில்லை. சர்தார்ஜி விமானி வியர்வையைத் துடைத்துக்கொண்டு இந்தியில் சொன்னார்.

"கீழே என்ன பார்த்தாய் என்று என்னிடம் சொல்லாதே. இன்னொரு முறையும் நான்தான் ஓட்ட வேண்டும்."

லயத்துக்குப் பக்கத்தில்

எடுத்த படமெல்லாம் மேகம். மூன்றாவது முறைக்காகப் புதுக் குறி போட அந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கே போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை ஒட்டிய மேட்டில் சுண்ணாம்பு வாளியை வைத்தபோது அவள் வந்தாள். அதே முகம். சுண்ணாம்பு எதற்கென்று கேட்டாள். அனுமதியாவது ஒன்றாவது, படம் பிடிக்கத்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பினாள். குண்டில்லை என்று சமாதானம் சொல்லித் தப்பிக்க இனி வழியில்லை, அதுதான் என்னை மேலும் பயமுறுத்தியது.

"படம் புடிங்கய்யா, நல்லது. ஆனா குறிய இங்க போடாதீக. அன்னைக்கி மாதிரி தலைக்கு மேல வந்தா, பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு நாங்க எங்கிட்டு ஓடுறது?"

வாளியைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாத பாறைக்குப் போய்க் குறி போட்டேன். பழனிச்சாமி செய்ததும் அதே வேலைதான், அவருக்குச் சம்பளம் மட்டும் கிடையாது.