குலுங்காத வண்டி

பாதை சரியில்லை என்றார்கள். வருஷா வருஷம் அதே பதில்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பட்டறையில் நான் சம்மட்டி அடித்தேன். பட்டறைக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி எங்கள் லைன், கூலிக்காரர்களின் வரிசை வீடுகள். செங்கல் சூளைக்காரர்கள் மண் தோண்டி எடுத்துவிட்டுப் போன இடம். மழை பெய்தால் குழியெல்லாம் குளம். வெயில் அடித்தால் அதே குழி கல்லாகக் காயும். பெரிய ரோட்டிலிருந்து லைனுக்கு வர அந்த ஒரு பாதைதான் உண்டு.

திருவிழாவில் அம்மன் தேர் பெரிய ரோட்டில் வரும். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிமார் வீடுகள், கடைத்தெரு எல்லாம் போகும். எங்கள் பாதை முனைக்கு வந்ததும் தேர் இழுக்கும் மாட்டைத் திருப்பிவிடுவார்கள். நாங்கள் முனையில் நின்று கும்பிட வேண்டும். எங்கள் லைனில் இருப்பவர்கள் எந்தச் சாதி என்று எல்லோருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பாதையைச் சொல்வார்கள்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. வேலை இல்லை என்று லைனில் பாதிப் பேரை ஊருக்கே திருப்பிக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு ஒரே ஆசை. அம்மன் ஒரு தடவையாவது வாசலுக்கு வர வேண்டும். என்னைப் போய்க் கேட்கச் சொன்னார்கள். போனேன்.

கோயில் கமிட்டித் தலைவர் ரயில்வே ஆபீசில் பெரிய கிராணி. கோபப்படவில்லை. தன்மையாகத்தான் பேசினார்.

"நாங்களா வரமாட்டோம்னு சொல்றோம்? அந்தப் பள்ளத்துல எறங்குனா அம்பாள் சாய்ஞ்சிரும்பா. ஒரு வெளக்குகூட நிக்காது."

"வெளக்கு நின்னா வருவீங்களா?"

சிரித்தார். "நின்னா வரோம் போ."

பக்கத்தில் கமிட்டி ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் காதிலும் விழுந்தது. எனக்கு அது போதும்.

கிள்ளானில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் பழைய இரும்புக் கிடங்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சங்கிலியும் கொக்கியும் அடித்துக் கொடுப்பேன். அங்கே ஒரு கார் கிடந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. மேல்கூடு முழுக்க மக்கிவிட்டது. இஞ்சின் ஓடியது. எதற்கு என்று தவுக்கே கேட்டார். சாமிக்கு என்றேன். எடுத்துப் போ என்றார். எங்கள் லைனில் லோரி ஓட்டும் தம்பி ஒருவன் இருந்தான். அவன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான்.

மேல்கூட்டைப் பிரித்துப் பலகை அடித்தேன். அம்மன் எடைக்கு ஆட்டுக்கல்லை ஏற்றினேன். பக்கத்தில் விளக்கு. பாதையில் விட்டோம். முதல் குழியிலேயே விளக்கு அணைந்தது. ஆட்டுக்கல் துள்ளியது.

வண்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, வில் மாதிரி வளைத்து வைத்திருப்பார்கள். அதுதான் ஸ்பிரிங். குழியின் அடியை அது வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த அடுக்கு, தடித்த துரைமார் குடும்பத்தோடு ஏறிப் போவதற்காகச் செய்தது. எங்கள் கல்லுக்கு அது அசையக்கூட இல்லை. அடி அப்படியே மேலே வந்தது.

அடுக்கைப் பிரித்தேன். சில பட்டைகளைத் தூக்கிப் போட்டேன். மற்றதைக் காய்ச்சி மெல்லிசாக, நீளமாக அடித்தேன். முதலில் அடித்ததைச் சூட்டோடு தண்ணீரில் போட்டேன், வெடித்தது. அடுத்ததை எண்ணெயில் போட்டேன், நின்றது.

மறுபடி விட்டோம். விளக்கு நின்றது. ஆனால் வண்டி ஆட்டத்தை நிறுத்தவில்லை. குழி தாண்டிப் போன பிறகும் ஆடிக்கொண்டே போனது. என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"தேரு கட்டச் சொன்னா ஊஞ்சல் கட்டி வச்சிருக்கியே. அதுவும் அம்மன் நிக்கிறவ. நீ கல்லப் படுக்கப் போட்டு ஓட்டிப் பாக்குற."

சரியாகத்தான் சொன்னாள். உயரமான முக்காலி செய்து, அதன் மேல் கல்லைக் கட்டினேன். அடுத்த ஓட்டத்தில் கல்லும் முக்காலியும் சேர்ந்து சாய்ந்தன. ஓட்டின தம்பி இறங்கி வந்து பார்த்தான்.

"அண்ணே, வண்டி கள்ளு குடிச்சிருக்கு லா."

ஆட்டத்தைப் பிடித்து நிறுத்த ஒன்று வேண்டும். இஞ்சினியர் துரையின் காரில் பார்த்திருந்தேன். சக்கரத்திலிருந்து ஒரு இரும்புக் கை, வண்டியிலிருந்து ஒரு கை. இரண்டும் சேரும் மூட்டில் வட்டமாக இரண்டு கட்டை, நடுவில் தோல். போல்ட்டை முறுக்கினால் தோல் கட்டையைக் கவ்வும். வண்டி ஒரு தடவை ஆடும், அடுத்த ஆட்டத்தைத் தோல் விடாது. மரம் அறுக்கிற மில்லில் அறுந்து கிடந்த பெல்ட்டை வாங்கி வந்தேன். நல்ல மாட்டுத்தோல். வெட்டி வைத்தேன். ரொம்ப முறுக்கினால் பழையபடி குலுங்கியது. விட்டால் ஆடியது. நடுவில் ஒரு இடம் கிடைத்தது. அதில் விளக்கும் நின்றது, கல்லும் நின்றது.

கமிட்டியைக் கூப்பிட்டோம். பெரிய கிராணி குடை பிடித்துக்கொண்டு வந்தார். வண்டி போனதையும் வந்ததையும் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். கட்டைக்கு நடுவில் என்ன என்று கேட்டார்.

"தோலுங்க."

"என்னா தோலு?"

"மாட்டுத்தோலு."

நிமிர்ந்தார். எதையும் தொடாத கையைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"அம்பாள மாட்டுத்தோல் மேல ஏத்தச் சொல்றியா?"

"தேருக்கு முன்னால தவில் அடிக்கிறாங்களே. அது என்னா தோலுங்கய்யா?"

தோலை எடுத்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லைனில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சாக்கை மடித்து வை என்றார்கள். ரப்பர் வை என்றார்கள். வைத்திருக்கலாம். ரப்பர் வேலை செய்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் வைக்கவில்லை. தோலை எடுத்தால் அடுத்து ஆணியைச் சொல்வார்கள். ஆணியை எடுத்தால் அதை அடித்த கையைச் சொல்வார்கள்.

"உன் வீம்பால அம்மன் வராமப் போறா" என்றாள் மனைவி. அதற்குப் பிறகு சோறு மட்டும் போட்டாள், பேசவில்லை. திருவிழா நெருங்கிய பிறகு அவளாகவே வாயைத் திறந்தாள்.

"அம்மன் அவங்க கோயில்ல மட்டுந்தான் இருக்கான்னு யாரு சொன்னது? கரகம் எடுப்போம்."

ஆற்றில் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, வேப்பிலை செருகி, பூச்சுற்றித் தலையில் வைத்தால் அதுதான் அம்மன். கையால் பிடிக்கக் கூடாது. வழியில் இறக்கி வைக்கக் கூடாது. என் மனைவி ஊரில் இருந்தபோது கரகம் எடுத்தவள். அப்படியானால் நடந்தே வந்துவிடலாமே, வண்டி எதற்கு என்று கேட்டேன்.

"அவங்க அம்மா தேர்ல போறா. நம்ம அம்மா மட்டும் பள்ளத்துல நடக்கணுமா? நா ஏறி ஒக்காருறேன். நீ வண்டிய உடச் சொல்லு."

கரகம் விழுந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கிராணி சொன்னதே சரி என்றாகிவிடும். அதற்கு மேல், அம்மனே எங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்பார்கள். கல்லின் எடை வேறு, அவள் எடை வேறு. போல்ட்டைத் தளர்த்தி, முறுக்கி, மறுபடி தளர்த்தினேன். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அம்மனை வைத்துப் பரீட்சை பார்ப்பதா என்றாள்.

திருவிழா அன்று சாயங்காலம் அவர்கள் தேர் முனைக்கு வந்து திரும்பியது. எங்கள் ஆள் ஒருவர்கூட அங்கே போய் நிற்கவில்லை. எல்லோரும் ஆற்றங்கரையில் இருந்தோம்.

அவள் ஈரப் புடவையோடு ஏறி உட்கார்ந்தாள். தலையில் கரகம். கை இரண்டும் முழங்காலில். தம்பி அன்றைக்குப் பேச்சே இல்லாமல் ஓட்டினான். நான் சக்கரத்தோடு நடந்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டையைப் பார்த்தேன், மூட்டைப் பார்த்தேன். குழிக்குள் சக்கரம் இறங்கும்போது பட்டை விரிந்து கொடுத்தது. ஏறும்போது ஒரு ஆட்டம், அதோடு நின்றது. சாக்கடையைத் தாண்டும்போது பெரிய இறக்கம். அங்கே தண்ணீர் சிந்தியது. அவள் தோள் நனைந்தது. கை முழங்காலை விட்டு எழவில்லை. கரகம் நின்றது.

பெண்கள் குலவை போட்டார்கள். வீட்டுக்கு வீடு வண்டி நின்றது. சக்கரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வாசலில் விழுந்து கும்பிட்டார்கள். அழுதவர்களும் உண்டு.

பாதை முனையில் தம்பி வண்டியை மெதுவாக்கினான். திருப்பட்டுமா என்று என்னைப் பார்த்தான். அவளால் தலையைத் திருப்ப முடியாது. இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"நேரா போ."

பெரிய ரோட்டில் போனோம். கடைத்தெருவில் ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. பெரிய கிராணி ஒரு கடை வாசலில் நின்றிருந்தார். வண்டியின் அடியைப் பார்த்தார், கரகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவர் வீட்டுப் பெண்கள் கையைக் கூப்பிவிட்டார்கள். கரகத்தைக் கும்பிடாமல் யாராலும் இருக்க முடியாது. கடைசியில் அவரும் கையைத் தூக்கினார். நாங்கள் நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் கமிட்டியிலிருந்து ஆள் வந்தான். பாதையில் மண் கொட்டித் தருகிறார்களாம், இந்தத் தடவை தேர் லைனுக்குள் வருமாம், கரகம் வேண்டாமாம். எங்கள் வண்டி முன்னால் போகும், அவர்கள் தேர் வேண்டுமானால் பின்னால் வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் தேர் வரவில்லை. நாங்கள் காத்திருக்கவும் இல்லை.