ரெஜினாவின் நோர்வே வகுப்பு

ரெஜினா இறந்துவிட்டாள் என்ற செய்தி, இத்தாலியில் நான் வேலைக்குப் போகும் சீசா பேருந்தில் என்னிடம் வந்தது. அவளுடைய கணவர் அன்ரன்தான் தொலைபேசி எடுத்தார். "அக்கா, அவ விடியப்புறம் போயிட்டா" என்றார். அதற்குமேல் அவரால் கதைக்க முடியவில்லை. நான் பராமரிக்கும் முதியவளான சினோராவுக்குக் காலை மாத்திரை கொடுக்க வேண்டும் என்பதால் நான் வேலைக்குத்தான் போனேன். அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

கால்சாவில், கோவில் மண்டபத்தில், எங்களோடு நோர்வே மொழி படித்த உங்களுக்கு அவளைத் தெரியாதா? இத்தாலியக் கடவுச்சீட்டு கையில் கிடைத்ததும் நோர்வேயில் தாதி உதவியாளர் வேலைக்குப் போகலாம் என்று கிளம்பியவர்கள் நாம். மருத்துவச் சொற்கள்தான் வழியை மறித்தன. ஸ்தொஃப்ஷிஃப்தெசீக்தொம் என்று ஒரு நோய். நான் அதை மூச்சு நிற்கும் இடமெல்லாம் நிறுத்தி வாய்ப்பாடு போல ஒப்பித்தேன். அசையெல்லாம் சரி, அர்த்தம் பூச்சியம்.

ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். "கோழியை மூட்டிலை வெட்டுங்கோ அக்கா, எலும்பிலை வெட்டாதேங்கோ." பிறகு பொருள், மாற்றம், நோய் என்று அதைப் பிரித்துக் காட்டினாள். சாப்பிட்டது உடம்பில் சத்தாக மாறுவதில் வரும் கோளாறு, அவ்வளவுதான். கடைசித் துண்டுதான் ஆள், முன்னால் நிற்பதெல்லாம் அதன் உடுப்பு என்பாள். தமிழிலும் அப்படித்தானே என்பது அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

பிறகு அவளுக்கே நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் இத்தாலிய மொழியில் நீட்டி முழக்கியதை, வெளியே வந்து அவள் எனக்கு நோர்வே மொழியில் சொன்னாள். நீரெஸ்விக்த். நான் விழித்தேன்.

"நீரெ எண்டா சிறுநீரகம். ஸ்விக்த் எண்டா கைவிடுறது. ரெண்டு துண்டுதான் அக்கா. மற்றதெல்லாம் என்னட்டை இருக்கு."

எனக்குத்தான் அழுகை வந்தது.

இரத்தம் சுத்திகரிக்கும் கதிரையில் இருந்தபடியே காதில் வயரைச் செருகி நோர்வே பாடம் கேட்டாள். இனி உனக்கேன் இந்தக் கரைச்சல் என்று கேட்டவர்களுக்கு நல்ல பேச்சு விழுந்தது. வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. "என்னைச் சாட்டி வகுப்பை நிப்பாட்டிப்போடாதேங்கோ" என்றாள்.

இப்போது நாம் அவளைச் சாட்டத்தான் பார்க்கிறோம். நோர்வே மொழிச் சோதனை அவளுடைய முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்னரே வருகிறது. துக்கத்தோடு எப்படிப் போவது, அடுத்த முறை பார்ப்போம் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். துக்கம் எனக்கும் உண்டு. அவள் இல்லாத மேசையில்தான் இனி நானும் இருந்து படிக்க வேண்டும். ஆனாலும் நான் சோதனைக்குப் போகிறேன். எவ்வளவு பெரிய சொல்லுக்கும் எங்கேயோ ஒரு மூட்டு இருக்கும் என்று தேடும் அவளுடைய பிடிவாதம், அதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். அவளிடம் இருந்த மண்டபத் திறப்பை அன்ரனிடம் கேட்டு வாங்கிவிட்டேன். வகுப்பு நாளான செவ்வாய்க்கிழமை வழக்கம்போலக் கதவு திறந்திருக்கும்.