கால் முன்னால் போன கல்யாண வாழைமரங்கள்

நாளை மகளுக்குக் கல்யாணம். இன்று மாலை என் மின்சாரக் கார், வாழைமரங்கள் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் மேகம் போல பந்திங் ஊருக்கு மிதந்தது.

"மரத்துக்குத் தலைதான் முன்னால போகணும். கால் முன்னால போனா அபசகுனம்" என்று ஏற்றும்போதே மனைவி உத்தரவிட்டாள். அதனால் மரத்தின் கால், அதாவது கனமான கிழங்குப் பக்கமெல்லாம் பின்னால்.

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே டிரெய்லர் ஆடத் தொடங்கியது. பசிபிக் பெருங்கடலையே கட்டி இழுப்பது போலிருந்தது! ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலெடுத்தால் இந்தக் கார் தானே பிரேக் பிடிக்கும்; டிரெய்லர் இன்னும் ஆடும். பூவிலிருந்து எடுப்பதுபோல் காலை மெல்ல எடுத்து ஓரங்கட்டினேன்.

"பின்னால பாரம் ஜாஸ்தி லா. மரத்தைத் திருப்பி வைப்போம்" என்றேன் பக்கத்திலிருந்த மனைவியிடம்.

"அப்போ கால் முன்னால வருமே! நீங்க ரிவர்ஸ்லயே ஓட்டுங்க."

திருப்பித்தான் வைத்தேன். ஆடாமல் வந்து சேர்ந்தோம்.

நாளை மாப்பிள்ளை தும்மினாலும் பழி எனக்குத்தான். திருப்பி வைத்ததால்தான் ஆடாமல் வந்தோம் என்று சாட்சி சொல்ல யார் வருகிறீர்கள்?