ஆலை வேலையும் மத்தியானத் தூக்கமும்

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாறின. மக்களிடம் இருந்த பழைய தாள்களோ பிரெஞ்சிலேயே இருந்தன. கான்வென்டில் இரண்டு மொழியும் படித்திருந்ததால், கடைக்காரர்களுக்கு அந்தத் தாள்களைப் படித்துச் சொல்வதும், எந்த அலுவலகத்தில் என்ன எழுதிக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்வதும் என் தொழிலாயிற்று. காலையில் ஜவுளிக்கடை, மாலையில் மரக்கடை. மூன்று வயது மகளும் கூடவே வருவாள். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பழைய கடித உறைகளைக் கிழித்துக்கொண்டிருப்பாள்.

"மதாம், சின்ன மதாமுக்கு இன்னிக்கி உறை போதுமா?" என்பார் மரக்கடைக்காரர்.

பன்னிரண்டு மணி அடித்தால் ஊரே கதவைச் சாத்தும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கம். மூன்று மணி வரை யாரும் யாரையும் தேட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு மகளை இடது கையில் படுக்க வைத்துக்கொள்வேன். என் காதைப் பிடித்தபடியே தூங்கிப்போவாள்.

அப்போதுதான் ஒரு துணி ஆலையின் அலுவலகத்தில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டார்கள். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. குழந்தையைக் கூட்டிவர முடியாது. ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லச் சொன்னார்கள். பிரெஞ்சுத் தாள்கள் இன்னும் எத்தனை நாளைக்கு என்ற பயம் எனக்கு ஏற்கெனவே இருந்தது.

கணவரிடம் கேட்டேன். "ஒன் இஷ்டம். நான் போன்னு சொல்லி நீ போனா, நாளைக்கு என்னத்தான கொற சொல்லுவ" என்றார். உண்மைதான், சொல்லியிருப்பேன்.

மகளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். முதல் இரண்டு நாள் சாப்பாடு கொண்டுபோனேன். மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும், பழைய பழக்கத்தில் பேனாவை மூடிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். அதில் ஒரு தவறு இருப்பதாகவே தோன்றவில்லை.

அக்கா வீட்டிலிருந்து கூட்டிவந்த மகள் என் கையில் தூங்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஆலையின் காவல்காரர், சைக்கிளோடு நின்றார்.

"பீரோ சாவி ஒங்ககிட்டயாம்மா கீது? மெட்ராஸ்லேர்ந்து ஆபீசர் வந்து ஒக்காந்துனு கிறாரு. பிரெஞ்சுப் பத்திரமெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சி."

பத்திரங்களைப் படிக்க என்று தந்திருந்த சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். மறுநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "இந்த ஊர்ல தீப்புடிச்சாக்கூட மூணு மணிக்கு மேலதான் அணைப்பாங்க போலிருக்குங்க."

மத்தியானம் மட்டும் வீட்டுக்குப் போய்வரலாமா, அந்த நேரத்துக்கு ஈடாகக் காலையில் முன்னதாக வருகிறேன் என்று கேட்டேன்.

"மெசினு தூங்காதுங்களேம்மா" என்றார்.

மறுப்புக் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். கிழித்துப்போட்ட மூன்றையும் மகள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். மத்தியானச் சோறும் அங்கேதான். மரக்கடைக்காரரின் பிரெஞ்சுத் தாள்கள் போன வருஷத்தோடு தீர்ந்துவிட்டன. ஜவுளிக்கடையில் மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார்கள். ஆலையில் அந்த மேஜையில் இப்போது யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். செய்தது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஆனாலும் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால் கதவைச் சாத்திவிட்டுப் படுக்கிறேன். இடது கை தானாகவே நீண்டுகொள்கிறது.