விடை சரி, மார்க் ஒன்று

போன வருஷம், பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு ஏழெட்டு வாரம் இருந்தபோது, கிள்ளானில் என் மகள் படித்த இடைநிலைப்பள்ளியின் ஆசிரியர் அறையில் தொடங்கியது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

நான் பிளவுஸ் தைக்கிறவள். படிவம் மூன்றோடு படிப்பு நின்றுபோனது. எனக்குத் தெரிந்த முக்கால்வாசி, கடைக்கு வருகிறவர்கள் பேசக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். தெலுக் பங்லிமா காராங்கில் ஃபேக்டரி வேலை செய்யும் ஒரு அக்கா, அளவு கொடுக்க நிற்கும்போதெல்லாம் சொல்வார்: "கோபம் வந்தா முதல்ல கையில இருக்கிற கத்திரியைக் கீழ வைடி. அப்புறம் வாயைத் திற." அன்றைக்குக் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் போனேன். வாயைத்தான் கட்டவில்லை.

என் மகளுக்கு எஞ்சினியர் ஆக ஆசை. அதற்கு எட் மேத்ஸ் என்கிற கூடுதல் கணிதத்தில் நல்ல மார்க் வேண்டும். அதில் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துவது டிஃபரன்சியேஷன், இன்டெக்ரேஷன் எல்லாம் வருகிற நுண்கணிதம். அதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் கொமுட்டர் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போவோம். ஒரு கடைக்கு மேல் மாடியில் டியூஷன் சென்டர். 'எட் மேத்ஸில் ஏ நிச்சயம்' என்று வாசலில் பெரிய பேனர். வகுப்பில் யார் முதலில் விடை சொல்கிறார்களோ அவர்களுக்குக் கைதட்டல். திரும்பி வரும்போது ரயிலில் மகள் சொல்வாள், "ம்மா, இன்னைக்கும் நான்தான் ஃபர்ஸ்ட்." மறுநாள் கடைக்கு வருகிற ஒருத்தரையும் விடாமல் நான் அதைச் சொல்வேன்.

எஸ்.பி.எம்.முக்கு முன்னோட்டமாகப் பள்ளியில் வைத்த ட்ரையல் தேர்வின் தாள் வந்தது. நுண்கணிதக் கேள்விகள் ஐந்து. ஐந்துக்கும் விடை சரி. ஆனால் மகள் ஃபெயில். ஏழு மார்க் கேள்வி ஒன்றுக்கு ஒரே ஒரு மார்க். பக்கத்தில் சிவப்பு மையில், 'மானா ஜாலான் கெர்ஜா?' வழிமுறை எங்கே என்று மலாயில் கேட்டிருந்தார் டீச்சர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளி முடிந்து அந்த டீச்சர் நடத்தும் இலவச வகுப்புக்கு மகள் போவதில்லை, டியூஷனுக்குப் போகிறாள், அந்த எரிச்சலில்தான் மார்க்கை வெட்டிவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். கழுத்தில் இன்ச் டேப் தொங்க, அப்படியே மகளை இழுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன்.

"விடை சரியா இருக்கா இல்லையா டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்க!"

"சரிதான்மா. உட்காருங்க."

"சரின்னா மார்க் எங்க? யாரு வீட்டுக்குக் கொண்டு போனீங்க?"

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவர் அந்த டீச்சர். குரலை உயர்த்தாமல், மார்க் போடும் திட்டத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கே, என் என்று எழுதியிருந்தது.

"கே-ன்னா செய்யிற வழிக்கு மார்க். என்-ன்னா விடைக்கு. இந்தக் கேள்வியில கடைசி விடைக்கு ஒரு மார்க்தான்மா. மத்த ஆறும் அது வர்ற வரைக்கும் எழுதுற ஸ்டெப்புக்கு. உங்க மக ஒரு ஸ்டெப்கூட எழுதல. கால்குலேட்டர்ல பட்டனைத் தட்டி விடையை மட்டும் எழுதியிருக்கா."

நான் விடவில்லை. "தெரிஞ்சுதானே எழுதினா? எழுதச் சொல்லுங்க, இப்பவே எழுதுவா."

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை மகள் முன்னால் வைத்தார். கால்குலேட்டரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பளவைக் கண்டுபிடிக்கும் அதே கேள்வி. மகள் பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். முதல் வரிகூட வரவில்லை. பிறகு தாளின் மேல் கண்ணீர் விழுந்தது.

வருஷம் முழுக்க அவள் கற்றுக்கொண்டது எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதைத்தான். இன்டெக்ரேஷன் அவளுக்குத் தெரியவே தெரியாது.

அந்தச் சனிக்கிழமையும் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். பிள்ளைகளை விட வந்த பெற்றோர் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். டியூஷன் சார் சிரித்த முகமாக வந்தார்.

"ஆன்டி, அது ஸ்மார்ட் மெத்தட். எக்ஸாம்ல டைம்தான் முக்கியம். ஸ்டெப் எல்லாம் யாரு பார்க்கிறா?"

"மார்க் போடுறவங்க பார்க்கிறாங்க சார். உங்களுக்குத் தெரியாதா?"

"ட்ரையல்தானே லா. ரியல் எக்ஸாம்ல எல்லாம் சரியா வரும்."

மகளின் தேர்வுத்தாளை நீட்டினேன். "சரி சார். இந்தக் கணக்கைக் கால்குலேட்டர் இல்லாம போர்டுல போடுங்க. எனக்கு ஒன்னும் புரியாது. என் மக பார்க்கட்டும்."

அவர் தாளை வாங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த போர்டைத் துடைக்க ஆரம்பித்தார். "கிளாஸுக்கு டைமாச்சு ஆன்டி."

பின்னால் நின்ற ஒரு அப்பா தன் மகனின் பையிலிருந்து நோட்டை உருவிப் புரட்டினார். பக்கம் பக்கமாக விடைகள். விடைக்கு மேலே ஒரு வரி கிடையாது. எல்லாவற்றுக்கும் பெரிய சிவப்பு டிக். "அடப்பாவி" என்றார் அவர், மெதுவாக. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். அதற்குப் பிறகு அந்தப் படியை ஏறவில்லை.

திங்கட்கிழமை டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "என்கிட்ட கேட்டு என்னம்மா? மத்த அம்மாமார்கிட்ட சொல்லுங்க" என்றார். நான் யாரைத் திருடி என்று எண்ணினேனோ அவர்தான், தேர்வு நாள் வரை என் மகளை முதல் வரியிலிருந்து எழுத வைத்தார். ரிசல்ட்டில் ஏ வரவில்லை, பி வந்தது. இப்போது, பல்கலைக்கழகத்துக்குப் போக இன்னும் ஒரு படியான படிவம் ஆறில் படிக்கிறாள். எஞ்சினியர் ஆசை இன்னும் இருக்கிறது, பாதைதான் சுற்றிப் போகிறது. அந்த ஒரு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் துணி எடுக்கப் போகும்போது பார்க்கிறேன், அந்தப் பேனர் இன்னும் தொங்குகிறது. பிள்ளைகளின் முகங்கள் மட்டும் புதிது.

அந்த மனிதர் மேல் உள்ள கோபம் தணியவில்லை, தணியவும் வேண்டாம். ஆனால் வேறொருத்தர் தைத்த பிளவுஸ் கைக்கு வந்தால் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிற நான், என் மகளின் நோட்டை ஒரு வருஷம் திறந்துகூடப் பார்க்காமல் கைதட்டலைக் கேட்டே பூரித்துக்கொண்டிருந்தேனே, அந்தக் கோபம்தான் ஊசியில் நூல் கோர்க்கும்போதெல்லாம் என்னைக் குத்துகிறது.