எந்தப் பயம் இல்லை?

சிவசங்கரி சிஸ்டர் தறிக்காரர் வீட்டுப் பெண். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி வளர்ந்த குரல், ஆரணியில் எங்கள் ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்கும். அவசரப் பிரிவைப் பெருக்கித் துடைக்கிற எனக்குத் தினமும் திட்டு விழும். ஆனால் பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்களிடம் மட்டும் அந்த வாய் அடங்கிவிடும். "தெரியாம குடிச்சிட்டாங்க" என்று மழுப்பும் சொந்தக்காரர்களை வெளியே தள்ளிவிட்டு, ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்பார். "சாவணும்னுதான் குடிச்சியா? இன்னும் அந்த நெனப்பு கீதா, இல்லியா?" எனக்கென்றால் நாக்கே எழாது.

படவேட்டுப் பக்கத்து ஜெயவேல் களைக்கொல்லி குடித்துவிட்டு வந்தான். பெண்டாட்டி சண்டை போட்டுக் குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். சிகிச்சை ஆனதும் எழுந்து உட்கார்ந்து பேசினான். தொண்டை எரிச்சல் மட்டும் இருந்தது.

"சத்தியமா இல்ல சிஸ்டர். கோவத்துல செஞ்சிட்டேன். பொண்ணுக்குக் காது குத்தணும். நான் சாவ மாட்டேன்" என்றான். பெண்டாட்டியும் ஓடிவந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சிஸ்டர் வெளியே வந்து அவன் அம்மா பொன்னியம்மாளிடம், "மறுபடி குடிச்சிடுவான்ற பயம் இல்லம்மா. ஆனா, உள்ள போன மருந்து..." என்று ஆரம்பித்தார். 'பயம் இல்ல' என்பதோடு அந்த அம்மாவுக்குக் காது அடைத்துவிட்டது. "ரேணுகாம்பா!" என்று படவேட்டு அம்மனைக் கும்பிட்டவள், ஜல்தியாகக் கடைக்குப் போய் வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். பாவி, நானும் வாங்கித் தின்றேன்.

இந்தக் களைக்கொல்லி முதலில் ஆளை நன்றாகத்தான் காட்டும், பிறகுதான் நுரையீரலைப் பிடிக்கும், இதற்கு முறிவு மருந்து கிடையாது. டாக்டர் சொன்னார், சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். யார் கேட்டார்கள்? கண்ணெதிரே பிள்ளை இட்லி தின்கிறான்.

"நல்லா கீற புள்ளையப் பத்தி ஏம்மா அபசகுனமா பேசிகினு கீற?" என்று பொன்னியம்மாள் சீறினாள்.

ஊரையே அதட்டும் சிஸ்டர் அன்று மருந்து அறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அவனுக்கு உயிர் மேல ஆசை வந்துட்டுது கன்னியம்மா. அதான் என்னால தாங்க முடியல" என்று பின்னாலேயே போன என்னிடம் சொன்னார். அவர் எப்போதும் போடும் ஸ்டூலை எடுத்துவந்து அவரை உட்கார வைத்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஜெயவேலுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் கேட்டான்.

"சாவ மாட்டேன்னு உங்களாண்ட சொல்லிட்டனே சிஸ்டர். அப்புறம் ஏன் மூச்சு வரல?"